பெயர்கள் ஓடும்போது

படம் முடிந்ததும் மகள் ரிமோட்டை எடுத்தாள். "இரும்மா" என்றேன்.

'லைஃப் ஆஃப் பை'. படகில் நனைந்து கிடக்கும் புலியின் முதுகிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஈர ரோமம் கொத்துக்கொத்தாய் ஒட்டிக் கிடக்கிறது. மூச்சு விட விட விலா ஏறி இறங்குகிறது.

பெரும்பாலான காட்சிகளில் அங்கே புலியே கிடையாது. எல்லாம் ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனத்தின் கலைஞர்கள் கணினியில் உருவாக்கியது. அமெரிக்காவில் மட்டுமல்ல, மும்பையிலும் ஐதராபாத்திலும் உட்கார்ந்து உழைத்திருக்கிறார்கள்.

2013 பிப்ரவரியில் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர். அதே மாதம்தான் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. விழா அரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் பதாகையோடு நின்றார்கள். மேடையில் அதைச் சொல்ல வந்தவரின் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

இன்னும் வலிக்கிறது.

பெயர்கள் ஓடிக்கொண்டே இருந்தன. நடுநடுவே நம் நாட்டுப் பெயர்கள். மகள் எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள்.