அக்கா பையனின் குடல்

நவம்பர் 4
குழந்தை பிறந்து இரண்டு நாள் ஆகிவிட்டது, இன்னும் காட்டுப்பீ, அதாவது பிறந்ததும் போகும் முதல் கறுப்பு மலம், போகவில்லை. வயிறு உப்பியிருக்கிறது, வாந்தி பச்சையாக வருகிறது. பெரியம்மா வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தொட்டு வைக்கச் சொன்னார். நர்ஸ் தடுத்துவிட்டார். நிறைமாதக் குழந்தைக்கு 48 மணி நேரத்துக்குள் போகவில்லை என்றால் உடனே பெரிய மருத்துவமனையில் காட்ட வேண்டுமாம். கோத்தகிரியிலிருந்து கோவைக்குக் கிளம்புகிறோம்.

நவம்பர் 10
குடலிலிருந்து துணுக்கு எடுத்துச் செய்த பயாப்சி சோதனையின் முடிவு வந்தது. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய். ஏறக்குறைய 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருமாம், ஆண் குழந்தைகளுக்கே அதிகம். கருவில் குடலின் நரம்பணுக்கள் மேலிருந்து ஆசனவாய் வரை நகர்ந்து வர வேண்டும். இவனுக்கு வழியிலேயே நின்றுவிட்டன. அணுக்கள் இல்லாத கடைசிப் பகுதி இறுகியே கிடக்கிறது, அதற்கு மேலே எல்லாம் தேங்குகிறது. "நான் ஏதாவது தப்பா சாப்பிட்டேனா?" என்று அக்கா அழுதாள். இல்லவே இல்லை என்றார் டாக்டர். ஊரில் அவளைக் குறை சொல்ல வருகிறவர்களுக்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 2
ஆபரேஷனுக்கு ஏற்றபடி எடை ஏறும்வரை வீட்டிலேயே உப்புநீர் விட்டுக் குடலைக் கழுவுகிறோம். அக்காவுக்குக் கை பழகிவிட்டது.

ஜனவரி 23
ஆபரேஷன் முடிந்தது. வயிற்றில் வாயுவை நிரப்பி, சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும். முதலில் குடலிலிருந்து துணுக்குகள் எடுத்து, நரம்பணுக்கள் எங்கிருந்து இருக்கின்றன என்று அங்கேயே சோதித்தார்கள். பிறகு கெட்ட பகுதியை ஆசனவாய் வழியாக வெளியே இழுத்து வெட்டி, நல்ல குடலைக் கீழே தைத்தார்கள். 1995 வாக்கில் அமெரிக்காவில் ஜார்ஜ்சன் என்ற டாக்டரின் குழு இந்த முறையை வெளியிட்டது. அதற்கு முன் பல குழந்தைகளுக்கு வயிற்றைத் திறந்து, மலப்பை வைத்து, இரண்டு மூன்று ஆபரேஷன் செய்வார்களாம்.

தழும்பு தேடினால்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு "சின்ன ஆபரேஷன்தானே" என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. வெளியேதான் சின்னது.

பிப்ரவரி 15
அடிக்கடி மலம் போய் அடியெல்லாம் புண். ஒவ்வொரு முறையும் களிம்பு தடவுகிறோம். காய்ச்சல், வயிறு உப்பல், நாற்றமடிக்கும் தண்ணீர்ப் பேதி வந்தால் குடல் அழற்சியாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து, காத்திருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் வரலாமாம். மழையில் மலைப்பாதை மூடிவிட்டால் என்ன செய்வது? பக்கத்து வீட்டு ஜீப்காரரிடம் பேசிவைத்திருக்கிறேன். குன்னூர் வழி, மேட்டுப்பாளையம் வழி இரண்டும் அவருக்கு அத்துப்படி. ராத்திரி எத்தனை மணிக்கும் கூப்பிடச் சொன்னார்.