லேத் ஓட்டுபவரின் பணமும் ஐஷர் மோட்டார்ஸ் ஓட்டெடுப்பும்

ஒவ்வொரு மாதமும் 15ஆம் தேதிக்குள் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) சலான் கட்டியாக வேண்டும். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் பதினெட்டு வருடங்களாகக் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் 14ஆம் தேதி மாலை, லேத் ஓட்டும் அண்ணன் ஒருவர் பனியன் வேஸ்டில் கையைத் துடைத்தபடி வந்து, கைப்பேசியில் தன் பாஸ்புக்கைக் காட்டினார். இந்தப் பணத்தை எல்லாம் எங்கே கொண்டுபோய்ப் போடுகிறார்கள் என்று கேட்டார்.

பெரும்பகுதி கடன் பத்திரங்களுக்குப் போகிறது. 2015 ஆகஸ்ட் முதல் ஒரு பகுதி பங்குச்சந்தைக்கும் போகிறது. முதலில் புதிதாகச் சேரும் பணத்தில் 5 சதவீதம். பிறகு 10, 15 என்று உயர்த்தினார்கள். நிஃப்டி, சென்செக்ஸ் பட்டியலில் உள்ள நிறுவனங்களை இ.டி.எஃப். வழியாக, அதாவது அந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்ட் திட்டங்கள் வழியாக, மொத்தமாக வாங்குகிறார்கள். அப்படியென்றால் அந்த நிறுவனங்களில் அவர் பணத்துக்கும் ஓட்டு இருக்கிறது. ஆனால் அதைப் போடுவது அவரல்ல, மியூச்சுவல் ஃபண்ட்.

அவர் வேலைக்கு வருவது ராயல் என்ஃபீல்டு வண்டியில். அதனால் 2021 ஆகஸ்டில் நடந்ததைச் சொன்னேன். அந்த வண்டியைத் தயாரிக்கும் ஐஷர் மோட்டார்ஸின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், சித்தார்த்த லாலை மீண்டும் நிர்வாக இயக்குநராக்கும் தீர்மானம் வந்தது. அவருடைய ஊதியம் லாபத்தில் 3 சதவீதம் வரை போகலாம் என்பதும் அதோடு சேர்ந்திருந்தது. சிறப்புத் தீர்மானம் என்பதால் பதிவாகும் ஓட்டில் 75 சதவீதம் ஆதரவு வேண்டும். கிடைத்தது சுமார் 73. ஏறக்குறைய பாதிப் பங்கு லால் குடும்பத்தின் கையில் இருந்தும் தீர்மானம் தோற்றது. நிறுவன முதலீட்டாளர்கள் எதிர்த்தது ஆளை அல்ல, ஊதியத்தை. இயக்குநர் குழு வரம்பை 1.5 சதவீதமாகக் குறைத்துக்கொண்டு மறுபடி வந்தது; அப்போது ஒப்புதல் கிடைத்தது.

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதே 2021 ஏப்ரல் முதல், இயக்குநர் நியமனம் போன்ற முக்கியத் தீர்மானங்களில் மியூச்சுவல் ஃபண்டுகள் கட்டாயம் ஓட்டுப் போட வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி விதித்திருந்தது. இ.டி.எஃப்.களுக்கும் அது பொருந்தும். அடுத்த ஆண்டு எல்லாத் தீர்மானங்களுக்கும் விரிந்தது. எப்படி ஓட்டுப் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்பதையும் வெளியிட வேண்டும். நான் மிகவும் மதிக்கும் விதி இது.

அப்படி ஒரு ஃபண்ட் வெளியிட்ட பட்டியலை அவருக்குத் திறந்து காட்டினேன். கூட்டத் தேதி, நிறுவனம், தீர்மானம், ஆதரவா எதிர்ப்பா, காரணம் என்று கட்டம் கட்டமாக நூற்றுக்கணக்கான வரிகள், அத்தனையும் ஆங்கிலத்தில். காரணக் கட்டத்தில் வரிக்கு வரி ஒரே வாசகம்: எங்கள் கொள்கைப்படி ஆதரிக்கிறோம். அதைத் தமிழில் சொன்னதும் அவர், "இது காரணமா?" என்றார். எனக்கும் அதே கோபம்தான். சம்பளத்தில் 12 சதவீதத்தை மாதம் தவறாமல் கொடுப்பவருக்கு, அவர் பெயரில் போடப்பட்ட ஓட்டுக்கு இரண்டு வரி விளக்கம்கூடவா இல்லாமல் போய்விட்டது?

வருங்கால வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழுவில் தொழிலாளர் தரப்புக்குப் பத்து இடங்கள் இருக்கின்றன. அந்த ஃபண்டுகளிடம் இதைக் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான் என்றேன். பத்துப் பேரில் தன் சங்கத்து ஆள் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, அண்ணன் லேத்துக்குத் திரும்பினார்.