பரீட்சைக்கு பன்னண்டு டென்ஸ்

தர்மபுரில இருந்து கிருஷ்ணகிரிக்கு டெய்லி பஸ்ல போய்ட்டு வர்ற கெஸ்ட் லெக்சரர் நான், பிஏ இங்கிலீஷ் பசங்களுக்கு கிராமர் பேப்பர் எடுக்கறேன், ஏழு வருஷமா. மே மாசம் சம்பளம் கிடையாது, அதெல்லாம் தனி கதை, விடுங்க.

நான் படிச்சதே தமிழ் மீடியம் தான். பன்னண்டாவது வரைக்கும் எனக்கு கிராமர்னா ஒரு சார்ட், குறுக்க மூணு கட்டம், நெடுக்க நாலு கட்டம், மொத்தம் பன்னண்டு டென்ஸ், அத தலைகீழா ஒப்பிச்சா மார்க். எம்ஏ வந்தப்ப லிங்விஸ்டிக்ஸ் சார் முதல் வாரமே சாதாரணமா சொல்லிட்டு போய்ட்டார், இங்கிலீஷ்ல டென்ஸ் ரெண்டே ரெண்டு தான், ஃப்யூச்சர் டென்ஸ்னு ஒண்ணு கிடையாதுன்னு. எனக்கு கோவம் தான் வந்துச்சு முதல்ல. அப்ப இத்தன வருஷம் நான் வாங்குன அடியெல்லாம் எதுக்கு?

லைப்ரரில ஒரு தலகாணி சைஸ் புக் இருக்கும், குவர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் நாலு பேரும் சேர்ந்து 1985ல போட்ட கிராமர், ஆயிரத்து எழுநூறு பக்கத்துக்கு மேல, வீட்டுக்கு குடுக்க மாட்டாங்க, அங்கயே உக்காந்து தான் படிக்கணும். அதுலயும் அதே தான் போட்டிருந்துச்சு. வினைச்சொல்லோட உருவம் மாறுனா தான் டென்ஸ்னு கணக்கு. வாக், வாக்டு, அவ்ளோதான், மூணாவதா ஒரு உருவம் இல்ல. 'வில்'ங்கறது கேன், மே, மஸ்ட் கூட்டத்து ஆளு. நாளைக்கு நடக்கப்போறத சொல்ல இங்கிலீஷ்ல ஏகப்பட்ட வழி இருக்கு, 'த பஸ் லீவ்ஸ் அட் சிக்ஸ் டுமாரோ'ன்னு ப்ரசன்ட்லயே கூட சொல்லிடலாம், ஆனா அதுக்குன்னு ஒரு தனி உறுப்பு வினைக்குள்ள கிடையாது.

இத எங்க பசங்களுக்கு எப்படி புரிய வைக்கறதுன்னு ரெண்டு வருஷம் திண்டாடுனேன். அப்பறம் ஒரு நாள் சும்மா போர்டுல 'வந்தேன்'னு தமிழ்ல எழுதி பிரிக்க சொன்னேன். கடைசி பெஞ்ச்ல தூங்கிட்டு இருந்தவன் கூட எந்திரிச்சு சொல்றான், வா பகுதி, வ ஆனது விகாரம், த் சந்தி, ந் ஆனது விகாரம், த் இடைநிலை, ஏன் விகுதின்னு. பத்தாவதுல படிச்ச பகுபத உறுப்பிலக்கணம் ரத்தத்துல இருக்கு! சரி, 'வருவேன்' பிரிங்கன்னேன். வ் எதிர்கால இடைநிலை மேம்னாங்க. அந்த வ் மாதிரி ஒரு எழுத்து 'ஐ வில் கம்'ல எந்த வார்த்தைக்குள்ள இருக்கு காட்டுங்க பாப்போம்னு கேட்டேன். தேடி தேடி பாத்துட்டு ஒருத்தி சொன்னா, அய்யோ மேம், கம் அப்படியே தான இருக்கு.

அதே மாதிரி கன்டின்யூவஸ், பர்ஃபெக்ட் எல்லாம் டென்ஸ் இல்ல, ஆஸ்பெக்ட், அதாவது வேலை நடந்துட்டு இருக்கா, முடிஞ்சிருக்கான்னு காட்டறது. வந்துட்டு இருக்கேன், வந்திருக்கேன், ரெண்டுலயும் நாம 'இரு' போட்டு ஓட்டறோம், அவங்க ஒண்ணுக்கு பீ, இன்னொண்ணுக்கு ஹேவ். இத சொன்னா அஞ்சு நிமிஷத்துல புரிஞ்சிடுது. நன்னூல் படிச்ச பசங்களுக்கு இங்கிலீஷ் கிராமர் வராதுன்னு எவன் சொன்னான்னு தெரியல.

ஆனா இதுல ஒரு கூத்து நடந்துச்சு. இன்டர்னல் டெஸ்ட்ல டென்ஸ் பத்தி எழுதுன்னு கேள்வி, பேப்பர் திருத்துனது வேற ஒருத்தர். ஒரு பொண்ணு தைரியமா இங்கிலீஷ்ல டென்ஸ் ரெண்டுன்னு எழுதி காரணத்தோட விளக்கியும் வச்சிருக்கா, அவர் சைபர் போட்டு பக்கத்துல மூணு கேள்விக்குறி போட்டுட்டார். அந்த பேப்பர எடுத்துக்கிட்டு வந்து நிக்கறா, மேம் நீங்க சொன்னத தான எழுதுனேன்னு. எனக்கு மூஞ்சிய எங்க வச்சிக்கறதுன்னு தெரியல. போய் பேசுனேன், யூனிவர்சிட்டி எக்ஸாம்லயும் இப்படி எழுதுனா யார் மார்க் குடுப்பா, நீங்க குடுப்பீங்களான்னு கேட்டார். அவர் கேட்டதும் தப்பில்ல. மார்க் மட்டும் மாறல. அதுல இருந்து எந்த வகுப்பா இருந்தாலும் முன்னாடியே சொல்லிடறேன், பரீட்சைக்கு பன்னண்டுப்பா.

கிருஷ்ணகிரி பக்கம் கிளாஸ்ல இன்னொரு வசதி என்னன்னா, வீட்ல தெலுங்கு பேசற பசங்க, தளி தேன்கனிக்கோட்டை பக்கம் இருந்து வர்ற கன்னட பசங்க, எல்லாரும் ஒரே பெஞ்ச்ல இருப்பாங்க. போன வருஷம் ஒரு சார் வந்து 'வீ ஆர் கோயிங் டு ஒகேனக்கல் ஆன் சாட்டர்டே'ன்னு சொல்லிட்டு போய்ட்டார். கிளாஸே ஒரே சத்தம், பாதி பேர் சனிக்கிழமைக்கு ப்ளான் போட ஆரம்பிச்சுட்டாங்க. மேம், நாமளா, இல்ல அவங்க ஸ்டாஃப் மட்டுமான்னு ஒருத்தன் கேட்டான். ஸ்டாஃப் மட்டும் தான். அன்னிக்கு எடுக்க வேண்டிய பாடத்த மூடி வச்சுட்டு இத பிடிச்சுக்கிட்டேன். தமிழ்ல நாம வேற நாங்க வேற. தெலுங்கு பையன் எங்க வீட்லயும் மனம், மேமுன்னு ரெண்டு இருக்கு மேம்னான். தளி பொண்ணு ரொம்ப நேரம் யோசிச்சா, உதட்ட அசைச்சு அசைச்சு வீட்ல பேசறத பேசி பாக்கறா. கடைசில, எங்களுக்கு ரெண்டுக்கும் நாவு தான் மேம், இங்கிலீஷ் மாதிரின்னா. அத ஏதோ குறை மாதிரி சொன்னா, எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்ப எங்களுக்கு மட்டும் ஏன் இல்லன்னு கேட்டா.

அன்னிக்கு பதில் சொல்லல. தேடி படிச்சுட்டு அடுத்த வாரம் சொன்னேன், பழைய கன்னடத்துல ரெண்டு தனித்தனியா இருந்துச்சு, போக போக ஒண்ணாயிடுச்சுன்னு. அவ நோட்ட திருப்பி கடைசி பக்கத்துல எழுதிக்கிட்டா. ஏன்மா அங்க எழுதறன்னேன். முன்பக்கம் எக்ஸாமுக்கு மேம்னா.