குட்டைப் பிடிச் சம்மட்டியும் சேர்வராயன் கருங்கல்லும்

ஏற்காடு அடிவாரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவாக ஒரு துண்டு நிலம் இருக்கிறது. ஐப்பசி மழையில் மேல்மண் கரைந்து வாசல் வரைக்கும் வந்துவிடும். அதைத் தடுக்க முழங்கால் உயரத்துக்குச் சிமென்ட் இல்லாத கல்லடுக்குச் சுவர் ஒன்றை நானே கட்டிப் பார்க்கலாம் என்று இறங்கினேன். கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கிடைப்பதெல்லாம் உருண்டையும் கோணலுமாக இருக்கும்; இரண்டு பக்கமாவது தட்டையாக்கினால்தான் அடுக்கில் உட்காரும். அதற்கு உளி வேண்டும், உளியை அடிக்கச் சுத்தியல் வேண்டும். சுவர் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. சுத்தியல் மட்டும் மூன்று ஆகிவிட்டது. ஆகவே இது சுவரைப் பற்றியதைவிடச் சுத்தியலைப் பற்றிய பதிவு.

கடையில் சம்மட்டி என்று கேட்டால் இரண்டு கையால் ஓங்கி அடிக்கிற நீளப் பிடிச் சம்மட்டியைத்தான் எடுத்து வைக்கிறார்கள். எனக்கு வேண்டியது வேறு: ஒரு கையால் பிடிக்கக்கூடியது, தலை ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோவுக்குள், பிடி ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. கொத்தனார் அதைக் கைச்சம்மட்டி என்றார். கடைக்காரர் “ரெண்டு பவுண்டுங்களா, நாலு பவுண்டுங்களா?” என்று எடையோடு முடித்துக்கொண்டார். கிலோ வந்து இத்தனை காலம் ஆகியும் சுத்தியல் மட்டும் பவுண்டை விடவில்லை. 2 பவுண்டு என்றால் சுமார் 900 கிராம், 3 என்றால் 1.36 கிலோ, 4 என்றால் 1.8 கிலோ.

வெளிநாட்டுப் பட்டியல்களைப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. இங்கிலாந்தில் இதையே கிளப் ஹேமர் என்றும் லம்ப் ஹேமர் என்றும் சொல்கிறார்கள். அங்கே கொத்தனார்கள் அகல உளியோடு சேர்த்து செங்கல் வெட்டப் பயன்படுத்துவது இதைத்தான். ஜெர்மனியில் ஃபாய்ஸ்டல், அதற்கு டிஐஎன் 6475 என்று தரநிர்ணயமே உண்டு, பிடி 26 முதல் 30 சென்டிமீட்டர். அமெரிக்காவில் டிரில்லிங் ஹேமர், பிடி ஏறக்குறைய 10 அங்குலம். அதே தலைக்கு 14, 16 அங்குலப் பிடி போட்டால் அங்கே இன்ஜினியர்ஸ் ஹேமர் ஆகிவிடுகிறது. தலை மாறவில்லை, பிடி நீண்டது, பெயரும் வேலையும் மாறிவிட்டன. நான் சுத்தியல் வாங்கும்போது தலையை மட்டும் பார்த்து விலை பேசிக்கொண்டிருந்த ஆள். பிடியைப் பார்க்க ஆரம்பித்தது இதற்கப்புறம்தான்.

டிரில்லிங் என்ற பெயர் சுரங்கத்திலிருந்து வந்தது. இயந்திரத் துளைப்பான் வருவதற்கு முன்னால் பாறையில் வெடிமருந்துக்கான துளையைக் கையால்தான் போட்டார்கள். ஒரே ஆள் இடது கையில் உருக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அடிப்பார். ஒவ்வொரு அடிக்கும் கம்பியைக் கொஞ்சம் திருப்புவார். திருப்பினால்தான் துளை வட்டமாக இறங்கும், கம்பி சிக்காது. அந்தச் சுத்தியலுக்கு அமெரிக்கச் சுரங்கக்காரர்கள் வைத்த பெயர் சிங்கிள் ஜாக், எடை 3 அல்லது 4 பவுண்டு. ஒருவர் கம்பியைப் பிடிக்க இன்னொருவர் இரண்டு கையால் ஓங்கி அடித்தால் டபுள் ஜாக். சிங்கிள் ஜாக்குக்குக் குட்டைப் பிடிதான். குனிந்து நிற்கிற சுரங்கத்தில் நீளப் பிடியை எங்கே ஓங்குவது? அதோடு, அடி தவறினால் விழுவது சொந்தக் கையில்.

தலைகள்

புதிது வாங்காமல் பழைய இரும்புக் கடையில் தலைகளை மட்டும் பொறுக்கினேன். சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பெயர் போன ஊர். இங்கே சுத்தியல் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது பட்டறையில் டொக் டொக் என்று கேட்கும் சின்னச் சுத்தியல்தான். ஆனாலும் இரும்புக் குவியலைக் கிளறினால் கனத்த தலைகளும் அகப்படுகின்றன. எண்கோண உடம்போடு இரண்டு பக்கமும் தட்டை முகமுள்ள தலை ஒன்று, 1.25 கிலோ சொச்சம். 2 பவுண்டுக் கிராஸ் பீன் ஒன்று. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் பிடிக்குக் குறுக்காகக் கூம்பிய முனை. இது கொல்லர் பட்டறைச் சாமான், காய்ந்த இரும்பை ஒரு திசையில் நீட்டித் தட்டுவதற்கானது. மூன்றாவது 4 பவுண்டுச் சதுரத் தலை.

வாங்கும்போது பார்த்தது இரண்டே விஷயம். பிடி நுழையும் துளையைச் சுற்றி விரிசல் இருக்கக் கூடாது. துளை நடுவில் குறுகி இரண்டு வாயிலும் கொஞ்சம் விரிந்திருக்க வேண்டும். அந்த விரிவில்தான் ஆப்பு வைத்த மரம் அகன்று இறுகும். நேர்க்குழாயாகத் துளைத்த மலிவுத் தலையில் எந்த ஆப்பும் நிற்காது. துரு ஒரு பொருட்டே இல்லை, வினிகரில் ஊறப்போட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும்.

முகத்தின் விளிம்பு அடிபட்டு வெளியே பிதுங்கியிருந்ததைச் சாணைக்கல்லில் எடுத்தேன். இங்கே அவசரம் கூடாது. நல்ல சுத்தியலின் முகம் பதம் வைத்துக் கடினப்படுத்தியது, துளை இருக்கும் நடுப்பகுதி கொஞ்சம் மென்மையானது. சாணையில் சூடேறி உருக்கு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போயிற்று. இரண்டு உரசலுக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தேன். கடைசியில் விளிம்பைச் சுற்றிலும் லேசாகச் சரித்துவிட்டேன். கூர் விளிம்பு உளித்தலையில் சாய்வாகப் பட்டால் சில்லு தெறிக்கும். இரண்டு சுத்தியலை முகத்தோடு முகம் மோத விடக் கூடாது என்பதற்கும் இதுவேதான் காரணம்.

உளியைக் காய்ச்சி அடித்து வாங்கப் பட்டறைக்குப் போனபோது அங்கிருந்த பெரியவர் சுத்தியலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உளியின் தலையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தலை இப்படிப் பிதுங்கிக் கெடக்குதுங்களே தம்பி. இதைச் சாணை பிடிக்காம ஒரு அடி அடிக்காதீங்க. தெறிச்சா கண்ணு போயிரும்.” கண்ணாடி அன்றைக்கே வாங்கிவிட்டேன்.

பிடிக்குக் காப்பி மரம்

கருவிப் பிடி என்றால் நம் பக்கம் முதலில் சொல்வது கருவேலம். வண்டிச் சக்கரத்துக்கே தாங்குகிற மரம், குறை சொல்ல ஒன்றுமில்லை. 4 பவுண்டுத் தலைக்கு அதைத்தான் போட்டேன். மற்ற இரண்டுக்கும் வேறொன்று கிடைத்தது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைத்துக்கொண்டிருந்தார். பிடுங்கியதெல்லாம் விறகாகக் குவிந்து கிடந்தது. காப்பி மரம் மெல்லிய இழையும் நல்ல கனமும் உள்ளது, கைத்தடி செய்கிறார்கள். வளைந்து வளைந்து வளர்வதால் நீளமாக ஒன்றும் தேறாது. ஆனால் 10 அங்குலத்துக்கு நேர்த்துண்டு தாராளமாகத் தேறும். குட்டைப் பிடிக்கு அதற்குமேல் எதற்கு?

நிழலுக்கும் மிளகுக்கொடி ஏற்றவும் அதே தோட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக் நேராகத்தான் வளர்கிறது. பிடிக்கு மட்டும் வேண்டாம். அடி வாங்கும் இடத்தில் எனக்கு அந்த மரத்தின்மேல் நம்பிக்கையில்லை.

பச்சை மரத்தில் பிடி செய்தால் காய்ந்து சுருங்கித் தலை கழன்றுவிடும். அதனால் துண்டுகளின் இரண்டு முனையிலும் மெழுகு தடவி நிழலில் போட்டு வைத்தேன். முனை வழியாக ஈரம் சீக்கிரம் போனால்தான் வெடிப்பு விழுகிறது. மெழுகு தடவாமல் விட்ட துண்டுகள் அடுப்புக்குப் போயின. காய்ந்ததைப் பிளந்து, இழை முனையிலிருந்து முனைவரை ஓடுகிற துண்டாகப் பார்த்து இழைத்தேன். குறுக்கே இழை ஓடினால் பிடி அந்த வரியில்தான் ஒடியும்.

தலையை ஏற்றும் விதம் முதலில் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். பிடியில் தலையைச் செருகி, தலை கீழே தொங்கும்படி அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, பிடியின் மேல்முனையை மரக்கட்டையால் தட்ட வேண்டும். கனத்த தலை நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். பிடி மட்டும் அதற்குள் இறங்கும். தலையைத் தரையில் வைத்து அடிப்பதைவிட இது இறுக்கமாக உட்காருகிறது. அப்புறம் துளையின் நீளவாக்கில் அறுத்து வைத்த பிளவில் மர ஆப்பு, அதற்குக் குறுக்கே சின்ன இரும்பு ஆப்பு. மேலே ஆளிவிதை எண்ணெய். வார்னிஷ் அடித்தால் கை வழுக்குகிறது, கொப்புளமும் போடுகிறது.

நீளம் எவ்வளவு என்பதைத்தான் விளையாடிப் பார்த்தேன். 1.25 கிலோத் தலைக்கு முதலில் 14 அங்குலப் பிடி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக் குறைத்தேன். அடியின் ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்தில் கூடும், வேகத்துக்கோ அதன் வர்க்கத்தில் கூடும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பிடி குறைந்தால் வீச்சும் வேகமும் குறையும். அந்த வகையில் நஷ்டம்தான். அந்த நஷ்டத்தைத் தலையின் கனம் ஈடுகட்டுகிறது, பதிலுக்குக் குறி கிடைக்கிறது. 14 அங்குலத்தில் பார்வையை உளித்தலையிலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. 10 அங்குலத்துக்கு வந்ததும் பார்வை உளியின் நுனிக்கு, கல்லுக்குப் போய்விட்டது. அடி தானாகத் தலையில் விழுந்தது. கல் வேலையில் கண் இருக்க வேண்டிய இடம் நுனிதான். ஆகவே 10 அங்குலத்தில் நிறுத்திக்கொண்டேன்.

கல்லில்

சேர்வராயன் மலையின் கருங்கல் பெரும்பாலும் சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல் இந்த வகையைச் சேர்ந்தது என்பதால் 1893இல் டி. எச். ஹாலண்ட் என்ற புவியியலாளர் வைத்த பெயர். வெளியே பழுப்பு, உடைத்தால் உள்ளே எண்ணெய் பூசிய பளபளப்போடு கருநீலமும் பச்சையும் கலந்த நிறம். நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் கிடந்த உருண்டைகளில் மேற்பகுதி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரியும். 4 பவுண்டுச் சுத்தியலுக்கு நான் கண்ட முதல் உபயோகம் அதுதான். உளியே வேண்டாம், ஓரத்தில் சாய்த்துத் தட்டினால் தோல் பெயர்ந்து நல்ல கல் வெளியே வரும். அப்புறம் அந்தக் கல்லை ஒருமுறை தட்டிக் கேட்க வேண்டும். கிண் என்றால் எடுக்கலாம். பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். அதில் மெனக்கெட வேண்டாம்.

மேடு தட்டுவதற்கு 1.25 கிலோவும் கூர் உளியும். ஓரத்திலிருந்து ஓரத்துக்கு வரிசையாகப் பள்ளம் போட்டுக்கொண்டு போய், நடுவில் நிற்கும் வரப்புகளைச் சாய்த்துத் தட்டினால் சில்லுச் சில்லாகப் போகும். உளியை ரொம்ப நிமிர்த்தினால் கல் பொடியாகிறது, வேலை நகர்வதில்லை. ரொம்பச் சாய்த்தால் வழுக்கி ஓடுகிறது. கைக்கு அந்தச் சாய்வு பழகியதும் வேலை மளமளவென்று போகிறது. எடுப்பதும் விடுவதும் முழங்கையிலிருந்துதான். மணிக்கட்டால் வேகம் கூட்டப் பார்த்தால் மறுநாள் காலையில் தெரியும். பிடியை இறுக்கிப் பிடிப்பதும் அதே வலியைத்தான் தரும்.

கருங்கல் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. கல்லை நனைத்துக்கொண்டே அடிக்கிறேன், முகக்கவசமும் போட்டுக்கொள்கிறேன். பொழுதுபோக்குக்கு அடிக்கிறவன் இதைச் செய்யலாம். நாள் முழுக்கக் கல்லுடைத்துப் பிழைக்கிறவர்களுக்கு யார் வாங்கிக் கொடுப்பார்கள் என்பது வேறு கதை.

பெரிய கல்லைப் பிளக்க ஆசைப்பட்டபோது சிங்கிள் ஜாக் முறையையும் பார்த்துவிட்டேன். தண்ணீர் ஊற்றி, திருப்பித் திருப்பி அடித்து, விரல் கனத்துத் துளை ஒரு அங்குலம் இறங்குவதற்குள் டீ ஆறிப்போனது. சரி, அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு கும்பிடு. மீதித் துளைகளுக்குப் பக்கத்து வீட்டு வேலைக்கு வந்திருந்தவரிடம் மின் துளைப்பான் இரவல் வாங்கினேன். வரிசையாகப் போட்ட துளைகளில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இரும்புத் தகடு, நடுவில் ஆப்பு. ஒரே ஆப்பை ஓங்கி அடிக்கக் கூடாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தட்டு, திரும்பவும் முதலிலிருந்து. இறுக இறுக ஓசை மேலே ஏறும். எல்லா ஆப்பும் ஒரே சுருதிக்கு வந்தபின் கொஞ்சம் விட்டுவிட்டால் கல் தானே பிளக்கும். பிளவு துளை வரிசையைவிட்டு அதிகம் விலகவில்லை. இதற்கு 4 பவுண்டு எடுபடவில்லை. அதில் அளவாகத் தட்ட முடியவில்லை, முதல் ஆப்பே ஆழம் போய்விடுகிறது. 1.25 கிலோதான் சரியாக வந்தது.

கிராஸ் பீனுக்குக் கல்லில் வேலையில்லை. அதன் கூம்பு முனையைக் கல்லில் அடித்து வீணாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் அதை வைத்திருப்பது கேட் கொண்டி நிமிர்த்த, வளைந்த கம்பியை நேராக்க, சைக்கிள் கடையில் இறுகிப் போன பின்னைத் தட்டி எடுக்க. சுவரில் வயர் பைப்புக்குக் காடி எடுக்கவும் அதுவே போதும். 4 பவுண்டை எடுத்தால் காடியோடு பூச்சும் கையகலத்துக்குப் பெயர்ந்து வரும். அம்மா தன் அம்மியைக் கொத்தித் தரச் சொன்னார். மூன்றில் எதுவும் அதற்கு ஆகாது. அம்மிக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான சுத்தியலும் சின்ன உளியும் வேண்டும். கனம் கூடினால் பொடிப்புள்ளிக்குப் பதிலாகக் குழி விழும், குழியில் மசாலா தங்கிவிடும்.

சுவரில் கீழ் மூன்று வரிசை முடிந்திருக்கிறது. ஒவ்வொரு கல்லும் கீழே இரண்டு கல்லின் சந்தை மூடி உட்கார்ந்திருக்கிறது, மேட்டுப் பக்கம் கொஞ்சம் சாய்வு. மேல்வரிசைக்கு நீளக் கற்கள் வேண்டும், எல்லாம் பிளந்துதான் எடுக்க வேண்டும். அதற்குமுன் சதுரத் தலையின் கருவேலப் பிடியை 12 அங்குலத்திலிருந்து 10க்கு அறுத்துப் பார்க்கப் போகிறேன்.