கடல் கொண்டுபோன மதிப்பெண் சான்றிதழ்

2004 டிசம்பர் 26 என்றால் எல்லோரும் சுனாமி அலையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடலுக்குப் போகாத நாள் என்பதால் வள்ளங்கள் கரையில், ஆட்கள் வீட்டிலும் கோயிலிலும். சுமத்ரா பக்கம் காலை ஆறரை மணிக்கே பூமி நடுங்கியது எங்களுக்கு எப்படித் தெரியும்? கடல் உள்வாங்கியது, பிறகு கறுப்பாக எழுந்து வந்தது. நான் பக்கத்து மாடி வீட்டில் ஏறிவிட்டேன். சித்தி ஏறவில்லை. அந்தக் காலையைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

நாகப்பட்டினத்துக்கு அடுத்து தமிழகத்தில் அதிக உயிர்களை இழந்தது எங்கள் குமரி மாவட்டம்தான். நான் அப்போது பிளஸ் டூ. மார்ச்சில் பொதுத்தேர்வு, அதன்பின் கல்லூரி விண்ணப்பங்கள். முகாமில் அரிசி கிடைத்தது, பாய் கிடைத்தது, பாடப்புத்தகம்கூடக் கிடைத்தது. வீட்டு டிரங்குப் பெட்டியோடு போன பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்தான் கிடைக்கவில்லை.

பெட்டியிலிருந்து ஒன்றே ஒன்று திரும்பி வந்தது: சாதிச் சான்றிதழ் அட்டை. லேமினேஷன் செய்த அட்டை என்பதால் தாழம்புதரில் சிக்கிக் கிடந்தது. ஓரம் விட்டுப்போய் உள்ளே மணல் ஏறியிருந்தாலும் எழுத்தும் முத்திரையும் அப்படியே இருந்தன. மதிப்பெண் சான்றிதழை லேமினேஷன் செய்யக் கூடாது என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள். செய்யவில்லை.

அந்த அட்டையே எனக்கு எதிரியாகும் என்று நினைக்கவில்லை. மதிப்பெண் சான்றிதழுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது கிடைத்திருக்கிறதே தம்பி. அப்படியென்றால் அதுவும் அங்கேதான் கிடக்கும். நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டு வா” என்றார். பிணங்களைத் தேடி முடிக்காத கரையில் போய்க் காகிதத்தைத் தேடச் சொன்ன மனிதர் அவர். அடுத்த முறை போனபோது, காவல் நிலையத்தில் ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்று எழுதி வாங்கி வரச் சொன்னார். அதோடு பத்திரிகையில் விளம்பரமும் வேண்டுமாம். அவர் மேசையில் கிடந்த நாளிதழின் முதல் பக்கத்தில் எங்கள் கடற்கரைதான் இருந்தது.

பள்ளிக்குப் போவதும் எளிதாக இல்லை. மேலமணக்குடிக்கும் கீழமணக்குடிக்கும் இடையே இருந்த பாலத்தை அலை பெயர்த்துப் போட்டுவிட்டது. நான் பாலத்துக்கு மேற்கே, பத்தாம் வகுப்பு படித்த பள்ளி கிழக்கே. நாகர்கோவில் வழியாகச் சுற்றிப் போய்ச் சேர்ந்தால், தலைமையாசிரியர் நிவாரணப் பணிக்குப் போயிருப்பார். பஸ் கட்டணத்துக்கு முகாமில் கடன் கேட்க வேண்டியிருந்த நாட்களில் அப்படித் திரும்பி வருவது எவ்வளவு வலிக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் அவர் அகப்பட்டார். “தேர்வு எண் ஞாபகம் இருக்கிறதா மக்களே?” என்று கேட்டார். எனக்கு எங்கே இருந்தது! பீரோவைத் திறந்து அந்த ஆண்டுப் பதிவேட்டை எடுத்து, விரலால் வரிசையாகத் தடவி என் பெயரைக் கண்டுபிடித்து, எண்ணை அவரே விண்ணப்பத்தில் எழுதினார். தேர்வு எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இப்போதே உங்கள் எண்ணை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

மீதிப் பாதியை முடித்தது வருவாய்த் துறையின் சொந்தக் காகிதம். முற்றிலும் இடிந்த வீடுகளின் கணக்கெடுப்புப் பட்டியல் ஒன்று கிராம நிர்வாக அலுவலரிடம் இருப்பதாக முகாமில் ஓர் அண்ணன் சொன்னார். எங்கள் வீடு இருந்த பக்கத்தின் நகலை முத்திரையோடு வாங்கினேன். அதிலும் ஒரு சிக்கல்: பட்டியலில் அப்பாவின் ஞானஸ்நானப் பெயர், பள்ளிப் பதிவேட்டில் வேறு பெயர். கடற்கரை ஊர்களில் இது சாதாரணம். இரண்டும் ஒரே நபர்தான் என்று கிராம நிர்வாக அலுவலரிடமே இன்னொரு தாளும் எழுதி வாங்கினேன். இந்த இரண்டாவது தாளை மட்டும் மறந்துவிடாதீர்கள். அது இல்லாமல் திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டையும் மேசையில் வைத்ததும் எழுத்தர் விளம்பரத்தைப் பற்றிப் பேசவில்லை. ஆனால், ‘தொலைந்த விதம்’ என்ற இடத்தில் ‘பயணத்தின்போது தவறவிட்டது’ என்று எழுதச் சொன்னார். அப்படி எழுதினால்தான் மேலே கேள்வி வராதாம். நான் மறுத்தேன். பதினேழு வயதில் எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியவில்லை. சத்தம் கேட்டுத் துணை வட்டாட்சியர் தாளை வாங்கிப் பார்த்தார். “எந்த ஊர்?” என்றார். சொன்னேன். ‘சுனாமியில் வீட்டோடு அழிந்தது’ என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பணம் கட்டியது, பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு அனுப்பியது எல்லாம் தடங்கல் இல்லாமல் நடந்தன. சான்றிதழ் கைக்கு வந்தபோது பொதுத்தேர்வே முடிந்திருந்தது. கல்லூரி விண்ணப்பத்துக்கு மட்டும் உதவியது.

2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோது, கரை திரும்பாதவர்களின் வீட்டாரோடு மறுபடியும் இப்படிப்பட்ட மேசைகளுக்கு முன்னால் நின்றேன். உடல் கிடைக்காதவருக்கு இறப்புச் சான்றிதழ் வேண்டுமென்றால் சட்டப்படி ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.