பதினோராவது சுற்று

தைப்பூசத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் நாங்கள் போடும் தண்ணீர் பந்தலில் வைக்க, மெராந்தி மரப் பலகையில் பித்தளை வேல் பதித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். பட்டர்வொர்த் வீட்டில் கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில், கம்ப்யூட்டர் ஃபைல் சொல்கிறபடி மரத்தைக் குடையும் 3018 என்ற சிறிய சிஎன்சி மெஷின். அதன் போர்டில் ஓடுவது, மோட்டார்களை நகர்த்தும் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருள். எங்கே நகர வேண்டும் என்று மெஷினுக்கு வரிவரியாகச் சொல்லும் ஜி-கோட் ஃபைலை நானே எழுதிய பைதான் ஸ்கிரிப்ட் தயாரிக்கிறது.

வேல் வெட்டப்பட்டது 1 மி.மீ. பித்தளைத் தகட்டில். ஆகவே அதைப் பதிக்க மரத்தில் குடையும் குழியும் 1 மி.மீ. ஆழம்தான் இருக்க வேண்டும். சுற்றுக்கு 0.1 மி.மீ. வீதம் ஆழமாக்கிக்கொண்டே போனால் பத்துச் சுற்று. சனிக்கிழமை ஓட்டி முடித்துத் தகட்டை உள்ளே வைத்துத் தடவிப் பார்த்தேன். விளிம்பில் நகம் தட்டியது. வெர்னியரின் ஆழக்கோலை இறக்கினால் 1.1 காட்டுகிறது.

இசட் பூஜ்ஜியத்தை, அதாவது ஆழத்தை அளக்கத் தொடங்கும் பலகையின் மேல்மட்டத்தை, தப்பாக வைத்துவிட்டேன் என்று நினைத்து, தாளை வைத்து மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் மெஷினிஸ்ட்டாக வேலை பார்க்கிறவர். "மெஷின்ல கை வைக்காதீங்க மச்சான், முதல்ல ஃபைலைத் திறந்து பாருங்க" என்றார். திறந்தேன். இசட்-1.000 வரிக்குக் கீழே இசட்-1.100 என்று இன்னொரு சுற்று இருந்தது. மெஷின் சொன்னபடிதான் செய்திருக்கிறது.

ஸ்கிரிப்டில் நான் எழுதியிருந்தது இதுதான்: ஆழம் 1.0-ஐ விடக் குறைவாக இருக்கும்வரை 0.1 கூட்டி ஒரு சுற்று வெட்டு. மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் போகும் அல்லவா, 0, 1 மட்டுமே உள்ள பைனரி எண்முறையில் 0.1-க்கும் அதே கதி. அதை 53 பிட்டுக்குள் அடக்கித்தான் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்கிறது. 0.1-ஐப் பத்துத் தடவை கூட்டினால் பைதான் தருவது 0.9999999999999999. ஒன்றை விடக் குறைவு, அதனால் இன்னொரு சுற்று. ஃபைலில் மூன்று தசமத்துக்கு ரவுண்ட் செய்து எழுதுவதால் பத்தாவது வரி மட்டும் 1.000 என்று சுத்தமாகத் தெரிகிறது. அதைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது.

எனக்கு இதில் உறைத்தது ஒன்று. பிழையின் அளவு ஒன்றுமே இல்லை. என் மெஷினில் மி.மீ.க்கு 800 ஸ்டெப், அதாவது ஒரு ஸ்டெப் 0.00125 மி.மீ. பதினாறாவது தசமத்தில் உள்ள தூசி மோட்டாரை எட்டவே எட்டாது. ஆனால் அந்தத் தூசியை நம்பி "இன்னும் குறைவுதானே?" என்று ஸ்கிரிப்ட் முடிவெடுத்தது. அதற்கு விலை முழுசாக 0.1 மி.மீ. மரம்.

இப்போது சுற்றுகளை 1, 2, 3 என்று முழு எண்ணால் எண்ணுகிறேன். ஆழத்தை மைக்ரானில் வைத்திருக்கிறேன்: 100, 200, கடைசியில் 1000. ஃபைலில் எழுதும்போது மட்டும் ஆயிரத்தால் வகுக்கிறேன்.

இதைத் திருத்தும்போது இன்னொன்றும் அகப்பட்டது. பலகையின் கீழ் விளிம்பில் 250 மி.மீ. நீளத்துக்கு 108 புள்ளிகள். இடைவெளி 107, ஒன்று 2.3364 மி.மீ. சொச்சம். அதை 2.34 என்று ரவுண்ட் செய்து, ஜி91 என்ற கட்டளையால் ஒவ்வொரு தடவையும் முந்தைய புள்ளியிலிருந்து நகரச் சொல்லியிருந்தேன். 107 தடவை சேர்ந்ததும் 250.38 ஆகிவிட்டது. கடைசிப் புள்ளி மூலைக்கோட்டில் ஏறி நின்றது, கண்ணுக்கே தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து அளக்கும் ஜி90-க்கு மாற்றி, ஒவ்வொரு புள்ளியையும் ஆரம்பத்திலிருந்து கணக்குப் போட்டு, கடைசியில் மட்டும் மூன்று தசமத்துக்கு ரவுண்ட் செய்தேன். இப்போது எந்தப் புள்ளியிலும் ரவுண்ட் பிழை அரை மைக்ரானைத் தாண்டாது.

வேலைச் சுற்றியுள்ள வட்டத்தை வெட்டும்போது மெஷின் அதன் உச்சியில் நின்றுபோனதற்குக் காரணமும் இதே வகைதான். 90 டிகிரியின் கொசைன் பூஜ்ஜியமாக வராமல் 6.123233995736766இ-17 என்று வந்தது. ஒரு வரியில் மட்டும் ரவுண்ட் செய்ய மறந்திருந்தேன். இப்படி 'இ-17' என்று அடுக்குக்குறியோடு வரும் எண்ணை ஜிஆர்பிஎல் ஏற்காது.

நேற்று ராத்திரி புதுப் பலகையில் ஓட்டினேன். ஃபைலில் பத்தே சுற்று. தூளை ஊதிவிட்டு வேலை அழுத்தி வைத்தேன், நகம் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. அடுத்தது பசை, அப்புறம் வார்னிஷ்.