தேனீ டிஎன்ஏ ப்ராஜெக்ட் எடுக்கப் போறீங்களா, நான் சொதப்புனத கேட்டுட்டுப் போங்க

மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல எங்க வீட்டுப் பின்னாடி செம்பனை, அதத் தாண்டி மாமாவோட தேன் பெட்டிங்க, "இத்தாலியன்னு சொல்லித்தான் ராணிய வித்தாங்கடா, மஞ்சளா இருக்கு பாரு"ன்னு அவரு சொன்னத வெச்சே அது நெஜமாவே இத்தாலியன் தேனீதானான்னு டிஎன்ஏல பாக்கறதுன்னு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்பு எடுத்துட்டேன். நிறத்த வெச்சு சப்ஸ்பீசிஸ் (ஒரே இனத்துக்குள்ள இருக்குற வகை) சொல்லவே கூடாது, அது எனக்கு அப்ப தெரியாது.

முதல் பேட்ச் மொத்தமா போச்சு. மருந்துக்கடை ஸ்பிரிட்ல போட்டு, கார்லயே ரெண்டு நாள் விட்டுட்டேன், டெஸ்ட் பண்ற ஜெல்ல கோடா நிக்க வேண்டிய டிஎன்ஏ புகை மாதிரி இழுத்துக்கிட்டு கெடக்கு. அடுத்த தடவ 95% எத்தனால், அம்மாவோட ஃப்ரீசர்ல கெம்புங் மீனுக்குப் பக்கத்துல வெச்சேன் (திட்டு வேற வாங்குனேன்). ஒரு கால் போதும், வயித்த எடுக்காதீங்க, உள்ள மகரந்தமும் பாக்டீரியாவும்தான்.

பெரிய தப்பு வேற. ஒரே பெட்டியில 20 தேனீ எடுத்துட்டு 20 சாம்பிள்னு எழுதிட்டேன். நான் பாத்தது மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ, அது அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் வரும், பெட்டிக்கு ராணி ஒண்ணு, அப்ப அந்த 20ம் ஒண்ணுதான்லா! பெட்டிக்கு ஒண்ணு எடுங்க, பெட்டிய நெறைய பாருங்க.

டெஸ்ட் என்னன்னா, சிஓஎக்ஸ்-2 ஜீனுக்கு முன்னாடி இருக்குற துண்ட பிசிஆர் பண்ணி (நெறைய நகல் எடுத்து) டிராஒன்ங்கற என்சைம்ல வெட்டறது, அது டி எழுத்து மூணு ஏ எழுத்து மூணு சேர்ந்து வர்ற எடத்துல வெட்டும். தேனீ வம்சத்துல ஆப்பிரிக்க ஏ குரூப், மேற்கு ஐரோப்பா எம் குரூப், ரெண்டுலயும் பி-ங்கற துண்டு இருக்கும், சி குரூப்ல அது கிடையாது, க்யூ-ங்கற துண்டு ஒண்ணே ஒண்ணுதான். எனக்கு சி வந்துச்சு, வைவால (வாய்மொழித் தேர்வுல) நெஞ்ச நிமித்தி "இத்தாலியன்"ன்னேன். "கார்னிகாவும் சி தானே?"ன்னாங்க. முழிச்சேன். லிகுஸ்டிகா (அதான் இத்தாலியன்), கார்னிகா ரெண்டு சப்ஸ்பீசிஸும் அதே குரூப், பிரிக்கணும்னா அந்தத் துண்ட சீக்வென்ஸ் பண்ணி எழுத்து எழுத்தா பாக்கணும். அப்பவும் அம்மா வழி மட்டும்தான் தெரியும். ராணி பத்துப் பதினஞ்சு ஆண் தேனீகூட சேர்றவ, அப்பா பக்கம் கலப்பு இருக்கான்னு பாக்க மைக்ரோசாட்டிலைட் (டிஎன்ஏல திரும்பத் திரும்ப வர்ற துண்டு) இல்லன்னா எஸ்என்பி (ஒரே ஒரு எழுத்து மாறுற எடம்) டெஸ்ட் வேணும்.

அப்பறம், நம்மூர் சின்னத் தேனீ செரானா, அது தனி ஸ்பீசிஸ், மெல்லிஃபெராவோட (இத்தாலியன், கார்னிகா எல்லாம் சேர்ற ஸ்பீசிஸ்) சப்ஸ்பீசிஸ் இல்ல. இதையும் கேட்டாங்க.

மாமாகிட்ட "சி குரூப் மாமா, அவ்ளோதான் சொல்ல முடியும்"ன்னேன். "அப்ப இத்தாலியன்தான்லா"ன்னுட்டு பெட்டிய மூடுனாரு.